தோட்டத்து லய வீடுகளின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மலையகப் பறவைகள் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். "தோட்டத்து மக்களுக்குப் பறவைகளின் அருமை தெரியாது, பிள்ளைகள் கெட்டபோல் கவணால் அடித்தே முடித்துவிட்டார்கள்" என்ற வரிக்கு வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். நானும் பறித்திருக்கிறேன். தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தால் அதில் கை வைக்காமல், பக்கத்து நிரைக்காரிக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். கொழுந்தை விட்டுவிட்டுப் போகிறாய் என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம். கொழுந்து குறைந்து அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்ட நாளிலும் அந்தச் செடியைத் தொட்டதில்லை. மணிக்கூடு இல்லாத காலத்தில், ஐப்பசியில் வந்து இறங்கும் ஆறுமணிக்குருவியின் குரலைக் கேட்டுத்தான் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குக் கிளம்புவார். அருமை தெரியாதவர்கள் நாங்களா ஐயா?

கெட்டபோல் அடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மலையில் நின்ற நிழல் மரங்களை வெட்டி லொறி லொறியாக ஏற்றினார்களே, அன்று உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததா? குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட மரத்தில் குடையும் பொந்தில்தான் பிறகு சிட்டும் சின்ன ஆந்தையும் குடியேறும். மரம் போனால் அத்தனையும் போகும். அடுத்தது பூச்சிமருந்து. தானியம் பொறுக்கும் ஊர்க்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். பூச்சியெல்லாம் செத்த இடத்தில் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? அப்பா வாசல் இஸ்தோப்பில் குருவிக் கூட்டுக்காகக் கட்டித் தொங்கவிட்ட மண்முட்டிக்கு இப்போது எந்தக் குருவியும் வருவதில்லை. முகக்கவசம்கூட இல்லாமல் எங்கள் ஆட்களை மருந்தடிக்க விட்டதைப் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. குளவி கொட்டி எங்கள் பெண்கள் செத்தால் மட்டும் மூலையில் நாலு வரி போடுகிறீர்கள்.

மலைக்காடு அழிந்த கதை தாங்கள் அறியாததல்ல. முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் இலைநோய் தலைகாட்டிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காக வெட்டினார்கள். கோடரி பிடித்தது எங்கள் பாட்டன்மார்தான், வெட்டச் சொன்னது அவர்களில்லை. மிஞ்சியிருக்கும் ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல போன்ற இடங்களில்தான் உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் சில ஒதுங்கி வாழ்கின்றன. ஓடைக்கரை இருட்டில் திரியும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி அவற்றில் ஒன்று, அழியும் ஆபத்தில் இருப்பது. காட்டுப் பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் போட்டுக் காட்டை வளர்ப்பவை மரப்புறாவும் கொண்டைக்குருவியும் குக்குறுவானும். அந்தக் காடு பனிமூட்டத்தையும் மழையையும் பிடித்து வைப்பதால்தான் கோடையிலும் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் வருகிறது. பறவை போனால் எங்கள் குடம்தான் முதலில் காயும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நுவரெலியா விக்டோரியா பூங்கா வரை பறந்து வருகிற ஈப்பிடிப்பானைப் பார்க்க வெளிநாட்டார் தொலைநோக்கியோடு வந்து நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பறவை இருப்பதே தெரியாது. சொல்லிக்கொடுக்க யார் வந்தார்கள்?

தங்கள் சிறுவர் பக்கத்தில் பெங்குவினும் நெருப்புக்கோழியும் அடிக்கடி வருகின்றன. வாரம் ஒரு மலைநாட்டுப் பறவையைப் படத்தோடும் தமிழ்ப் பெயரோடும் போட இடம் ஒதுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியிலிருந்து தொடங்கலாம். பாடசாலைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் படம் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
நானுஓயா.