பொன்னாடையைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேச விடுங்கள்: சென்னை வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்திவரும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். மாதக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும், பேச வருகிறவருக்குத் தொலைபேசியில் வழி சொல்வதும், கரகரக்கும் மைக்கோடு மல்லுக்கட்டுவதும் எனக்கும் பழக்கம். சொந்தக் காசில் தேநீர் வாங்கி இந்த வட்டங்களை நீங்கள் உயிரோடு வைத்திருப்பதை அறிவேன். அந்த உரிமையில் ஒரு சண்டை போடவே இந்த மடல்.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை. வந்தாலும் நேராக மேடைக்கு வருகிறார்கள்: குறள் ஒப்புவிக்க, பேச்சுப் போட்டியில் கையை வீசிப் பேச, பரிசு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள. ஒரு கதையைப் படித்துவிட்டு "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்வதற்காக அந்த வயதில் ஒருவரையாவது நாம் அழைத்திருக்கிறோமா? அழைப்பதும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து "இந்தத் தலைமுறை படிப்பதே இல்லை" என்று வருத்தப்படுகிறார். எல்லோரும் தலையாட்டுகிறோம். பிறகு வடை வருகிறது.

படிக்கிறார்கள் ஐயா. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது ஆங்கில நாவல் கடைகளுக்குள் ஒரு மாலை நுழைந்து பாருங்கள். செங்கல் கனத்துக்கு இருக்கும் மாயாஜாலத் தொடர்களையும் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளையும் பள்ளிப் பிள்ளைகள் பின்னட்டை வரை புரட்டி, அம்மாவிடம் இன்னும் ஒன்றுக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் அதே புத்தகங்களின் பழைய பிரதிகளைப் பேரம் பேசி வாங்குகிறவர்களும் அவர்கள்தான். தமிழில் படிப்பவர்கள் பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதைகளை இரவோடு இரவாக முடிக்கிறார்கள். நம் கண்ணில் படாத இடத்தில் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நூலகத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? வாசலை ஒட்டிக் குட்டையான அலமாரியில் படக்கதைகள். அதைத் தாண்டினால் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள், பொது அறிவுக் களஞ்சியங்கள், அவற்றைச் சுற்றித் தலை நிமிராமல் குறிப்பெடுக்கும் அண்ணன்களும் அக்காக்களும். அதற்கும் பின்னால் பெரியவர்களுக்கான நாவல்கள். இடையில் ஒன்றும் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தபோது குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே கொடுத்தார்கள். நடுவில் ஒரு செயற்கை மரம்கூட உண்டு. அந்த மரத்தடியில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு மீசை அரும்பும்போது எங்கே போவது என்று தெரியாது. கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போலத் தேர்வுக்குப் படிக்கும் இடங்கள் இப்போது பெருகுகின்றன, நல்லதுதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு படிக்கத்தான் அங்கேயும் இடம். படித்ததைப் பற்றி வாய் திறக்க ஒரு மூலை வேண்டும். அதைத் தரக்கூடியது இந்த ஊரில் வாசகர் வட்டம் ஒன்றுதான்.

"நாங்கள் எல்லாம் பதின்மூன்று வயதில் நேரடியாகக் கல்கிக்குத் தாவினோமே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். அம்புலிமாமா, கோகுலம், முத்து காமிக்ஸ், அப்புறம் ஒரே தாவலில் சோழ நாடு. நடுவே தலையணைக்கு அடியில் மறைத்து வைத்த துப்பறியும் மாத நாவலை மட்டும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. நமக்கு வேறு வழி இருக்கவில்லை, தாவினோம். இப்போது இவர்கள் வயதுக்கென்றே தமிழில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023இல் சாகித்ய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் கதைக்குள் கொண்டுவருகிறது. பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றிப் பேசும் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020க்கான அதே விருதைப் பெற்றது. இவற்றை நம் வட்டத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களை வகுப்பறைக்குள் கொடுத்திருக்கிறது. பறக்கத் தொடங்கியவர்கள் வந்து உட்கார நம்மிடம் நாற்காலி இல்லை.

எங்கள் வட்டத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நடத்திப் பார்த்தோம். அண்மையில் வந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டோம். அதில் அப்பா மகளின் கைப்பேசியைப் பிடுங்கி எல்லாச் செய்திகளையும் படித்துவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "எந்த அப்பா ஒரே அத்தியாயத்தில் மாறுவார்? எழுத்தாளருக்குப் பக்கம் தீர்ந்துபோயிருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். உடனே நம் மூத்த உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், "அப்பா செய்தது அந்தப் பெண்ணின் நன்மைக்குத்தானே அம்மா" என்றார். அவ்வளவுதான். அறை கோயில் பிரகாரம் போல ஆகிவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் காலணியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். நான் அந்தப் பெரியவரைத் தேநீர் பார்க்க அனுப்பினேன்.

அவர் வெளியே போன பிறகுதான் கூட்டம் நடந்தது. அந்தப் பெண் ஏன் கடவுச்சொல்லை முன்பே மாற்றவில்லை என்று ஒருவன் கேட்டான். அப்பாவிடம் முதலில் பொய் சொன்னவள் அவள்தான் என்றான் இன்னொருவன். இல்லை, அப்பா அதற்கு முன்பே அவளுடைய பையைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று மூன்றாவதாக ஒருத்தி. பொய் முதலில் வந்ததா, பை முதலில் வந்ததா என்று நாலைந்து பேர் ஒரே பிரதியின் மேல் கவிழ்ந்து பக்கம் பக்கமாகத் தேடினார்கள். கிடைத்தது: பை இரண்டாம் அத்தியாயத்தில், பொய் மூன்றாவதில். "அப்படியானால் எழுத்தாளர் வேண்டுமென்றேதான் அந்த வரிசையில் வைத்திருக்கிறார்" என்றான், பொய்க் கட்சியைச் சேர்ந்தவனே. நாம் பேராசிரியர்களை அழைத்து வந்து பொன்னாடை போர்த்திக் கேட்கும் விமர்சன உரைகளில் இவ்வளவு கவனமாக மூலத்தைப் பார்த்தவர்கள் குறைவு. இதைச் சற்றுக் கோபமாகவே எழுதுகிறேன்.

இதில் உங்களுக்கு வரக்கூடிய பயமும் தெரியும். "புத்தகத்தில் காதல் இருக்கிறதா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. இருக்கிறது. அந்த வயதில் இல்லாமல் இருக்குமா? சாதி இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2023இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள், வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் நாம் குறள் ஒப்புவிக்க அழைக்கும் வயதுக்காரர்கள்தான். மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி ஆசிரியர் அறிவுரை சொன்னால் பையன்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். கதைக்குள் ஒருவன் அதைக் கட்டியிருந்தால், அவன் ஏன் கட்டினான், யார் கட்டிவிட்டார்கள், கழற்றினால் என்ன ஆகும் என்று அடுத்தவனைப் பற்றிப் பேசுவது போலத் தங்களைப் பற்றியே பேசிவிடலாம். கதைக்கு இருக்கும் இந்தச் சலுகை அறிவுரைக்குக் கிடையாது.

நான் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பெயரிலாவது வட்டம் என்று வைத்திருக்கிறோமே. புத்தகத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் பேசினாலும், தமிழில் தொடங்கிப் பாதியில் ஆங்கிலத்துக்குப் போனாலும் குறுக்கே விழாதீர்கள். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அதற்குப் பள்ளியிலேயே மதிப்பெண் கொடுக்கிறார்கள். பெரியவர்களில் இரண்டு பேர் இருந்தால் போதும், அவர்களும் புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். இது கட்டாயம்.

பிரதிக்குப் பணம் எங்கே என்பீர்கள். ஒரு விழாவில் நாம் போர்த்தும் பொன்னாடைகளுக்கும் கொடுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் ஆகும் செலவில் அரை டஜன் பிரதிகள் வாங்கிவிடலாம். மிச்சத்துக்கு நூலகரிடம் கேளுங்கள். 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1931இல் இதே சென்னையில் இருந்துகொண்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதில் வயது வரம்பு எதையும் அவர் போடவில்லை.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். பிரிட்டனில் சிறார் நூலுக்குக் கொடுக்கும் கார்னகி பதக்கத்துக்கான இறுதிப் பட்டியல் வந்ததும், நடுவர்கள் படிக்கும் அதே காலத்தில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் குழுக்களாகச் சேர்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்து விவாதிக்கிறார்கள். தங்களுக்குப் பிடித்ததற்கு வாக்களிக்கவும் செய்கிறார்கள். நமக்குப் பால சாகித்ய புரஸ்கார் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது, நவம்பரில் குழந்தைகள் நாளையொட்டி விருது வழங்குகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த ஆண்டின் தமிழ் நூலைச் சென்னையின் நாலைந்து வட்டங்களாவது பிள்ளைகளோடு படிக்கட்டும். விருது இந்த நூலுக்குத் தகுமா தகாதா என்று அவர்கள் சொல்லட்டும். தகாது என்று முடிவானாலும் அதை எழுதி எழுத்தாளருக்கு அனுப்புங்கள். விழா மேடைகளில் கிடைக்காத ஒரு கடிதமாக அவருக்கு அது இருக்கும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் தொடங்குவது வசதி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், பத்தாம் வகுப்புப் பெற்றோர் வாசலிலேயே நின்று பிள்ளையை அழைத்துப் போய்விடுவார்கள். முதல் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வருவார்கள், அதில் ஒருவன் புத்தகத்தைப் படிக்காமலே வந்திருப்பான். அவனுக்கும் சேர்த்துச் சுண்டல் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்ட உறுப்பினர்