பகிர்வு ஃபோல்டரை அளவோடு திறவுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெய்நிகர் கணினியை (நம் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) நிறுவக் கற்றுத்தரும் குறிப்புகள் பலவும் கடைசி வரியில், ‘ஷேர்டு ஃபோல்டரையும் இருவழி கிளிப்போர்டையும் இயக்கிக்கொள்ளுங்கள்’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுகின்றன. முதலாவது, இரண்டு கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு ஃபோல்டர். இரண்டாவது, ஒன்றில் நகலெடுத்ததை மற்றதில் ஒட்ட உதவுவது. சிக்கல் தொடங்குவதே அந்த வரியில்தான்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஹோஸ்ட் என்பது நம் கையிலுள்ள கணினி. கெஸ்ட் அதற்குள் ஓடுவது. பகிர்வு வேலை செய்ய, கெஸ்டுக்குள் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்ற துணை மென்பொருள் இருக்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டில் அதைக் குறுவட்டுப் படிமத்திலிருந்து நிறுவினால், கம்பைலரும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), அப்போது ஓடும் கெர்னலுக்கே (இயங்குதளத்தின் மையப்பகுதி) உரிய ஹெடர் கோப்புகளும் தேவை. நேற்றுவரை தெரிந்த ஃபோல்டர் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனால், புதிய கெர்னலுக்கு கெஸ்ட் அடிஷன்ஸின் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துணைப்பகுதி) கட்டப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. இதுதான் அடிக்கடி கேட்கும் புலம்பல். தானாக மவுண்ட் ஆகும் (கெஸ்டின் கோப்பு அமைப்பில் இணையும்) ஃபோல்டர், முழு உரிமை உள்ள ரூட் பயனருக்கும் ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ என்ற குழுவுக்கும் மட்டுமே சொந்தம். பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும். பலர் சேர்ப்பதோடு நின்றுவிட்டு, சரியாகவில்லை என்கிறார்கள். உரிமையாளரை கெஸ்டுக்குள்ளிருந்து மாற்ற முயல்வதும் வீண். அது மவுண்ட் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரைச் சேர்ப்பவர்கள் ‘நிரந்தரமாக்கு’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால், கெஸ்டை நிறுத்தியதும் பகிர்வும் போய்விடும்.

லினக்ஸில் உள்ள மெய்நிகராக்க வசதியான கேவிஎம் பயன்படுத்துவோருக்கு, ஃபோல்டரைப் பகிர விர்ட்டியோஎஃப்எஸ் இருக்கிறது. அதற்கு மெய்நிகர் கணினியின் நினைவகத்தை ‘ஷேர்டு மெமரி’யாக அமைக்க வேண்டும், இல்லையென்றால் கெஸ்ட் தொடங்கவே மறுக்கும்.

பகிர்வு ஃபோல்டர் சாதாரண வட்டு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் கோப்புகளை அதில் வைக்காதீர்கள். கோப்புப் பூட்டு (ஒரே கோப்பில் இரு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுப்பது) நம்பகமாக நடக்காமல் தரவு கெடலாம். விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வில் சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்குவது பாதுகாப்புக் கருதி முதலிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. சில மென்பொருள் நிறுவல்கள் பாதியில் முறிவது இதனால்தான். ஹோஸ்டில் கோப்பைத் திருத்தினால் கெஸ்டில் ஓடும் நிரலுக்கு மாற்ற அறிவிப்பு வந்து சேராது. வேலை நடக்கும் கோப்புகள் கெஸ்டின் சொந்த வட்டிலேயே இருக்கட்டும். பகிர்வு ஃபோல்டர் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும்.

என் முக்கிய ஆட்சேபம் வேறு. ‘தனிமைக்காக’ மெய்நிகர் கணினி வைத்துக்கொண்டு, ஹோஸ்டின் ஹோம் ஃபோல்டரையே எழுதும் உரிமையோடு பகிர்கிறார்கள். கெஸ்டில் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) நுழைந்தால், அது எழுதக்கூடிய எல்லாவற்றையும் பூட்டும். ஹோஸ்டில் இருக்கும் குடும்பப் படங்கள் உட்பட. காலியான ஒரே ஒரு ஃபோல்டரை உருவாக்கி, கெஸ்ட் வெறுமனே படித்தால் போதும் என்றால் ‘ரீட் ஒன்லி’யாகக் கொடுங்கள். கிளிப்போர்டுக்கு ‘ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு’ என்ற ஒருவழித் தேர்வு உண்டு. அதிலும் ஒரு எச்சரிக்கை: ஹோஸ்டில் நகலெடுக்கும் கடவுச்சொல்லை கெஸ்டும் படிக்கலாம்.

சந்தேகத்துக்குரிய கோப்பைச் சோதிக்கும் கெஸ்டில் இவை எதுவுமே வேண்டாம். தேவையான கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓ படிமமாக்கி, மெய்நிகர் குறுவட்டாகச் செருகினால் போதும். கெஸ்ட் அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. சோதனை தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிச் செல்லக்கூடிய, கெஸ்டின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து, நெட்வொர்க் அடாப்டரையும் துண்டித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்