கடிகாரம் வேண்டாம் கண்ணு

யாங்கோன்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

கரண்ட் இப்போதுதான் வந்தது. ஃபோன் சார்ஜில் இருக்கிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். பிறகு படம் எடுத்து வைபரில் அனுப்புவேன்.

நடை, தூக்கம், நாடி எல்லாம் அளக்கிற கைக்கடிகாரம் வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னாயே, வாங்காதே. காசு போகிறதே என்று சொல்லவில்லை.

தைப்பூசத்தின்போது நான் 78 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் வழி காட்டியவள் நீதான். விடிந்ததும் எடை பார்த்து அனுப்ப வேண்டும், சாப்பிடுமுன் தட்டைப் படம் எடுக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும், உடம்பு எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைய வேண்டும். 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வில் இந்த அளவு நடையும் எடைக் குறைப்பும் கடைப்பிடித்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 31தான் என்று நீ சொன்னதைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏழு பங்கு என்றால் ஐந்தரைக் கிலோ. நம் யாங்கோன் பஜார் கணக்கில் மூன்றேகால் வீசைக்குக் கொஞ்சம் மேல். அம்மா அந்த எடைக்கு வெங்காயத்தைப் பையில் கட்டி என் கையில் கொடுத்து, "இதையும் தூக்கிக்கிட்டுத்தான் தினமும் மாடி ஏறுறீங்க" என்றாள். இரண்டாவது மாடிக்குள் தோள் வலித்துவிட்டது.

டீக்கடையில் முதல் படம் எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டின்பால் ஊற்றிய டீ இரண்டாவது கோப்பை, எண்ணெய் மின்னும் ஈச்சாகுவே, அந்தப் பொரித்த மாவுக் குச்சி, இரண்டு. இத்தனை வருஷமாகத் தின்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் உன் பதில் வந்தது: "அப்பா, ஒண்ணு போதும்ல?" இன்னொன்றை அப்படியே வைத்துவிட்டு கண்டோஜி ஏரிப் பக்கம் நடந்தேன். நாலே மாதத்தில் 74-க்கு இறங்கினேன்.

அப்புறம் உனக்குத் தொடர்ந்து நைட் டூட்டி. மூன்று வாரம் பதில் இல்லை. குற்றம் சொல்லவில்லை அம்மா, அந்த வேலையின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நாலாம் நாளே நான் படம் எடுப்பதை விட்டேன். பத்தாம் நாள் எத்தனை வடை தின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஃபோனில் இருக்கிற செயலி, படம் எடு என்று தினமும் சாயங்காலம் மணி அடிக்கும், நானும் விரலால் தள்ளிவிடுவேன். நீ கேட்டால் அப்படித் தள்ள முடியுமா? 76 ஆகிவிட்டது.

2015-ல் வந்த இன்னோர் ஆய்வையும் நீதான் சொன்னாய். 365 பேரில், செயலி மட்டும் கிடைத்தவர்களுக்கு இரண்டு வருஷம் கழித்தும் வெறும் துண்டறிக்கை வாங்கியவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. அந்த 2002 ஆய்வில் ஒவ்வொருவருக்கும் பேசிக் கேட்க ஓர் ஆள் இருந்தார். கடிகாரம் வந்தால் இன்னும் நிறைய எண்கள் வரும். அதையெல்லாம் பார்க்கிறவர் யார்?

டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு சொல் போடு. "பார்த்தேன்" என்றால் போதும். தினமும் முடியாவிட்டால் எந்தெந்த நாள் என்று சொல்லிவிடு, அந்த நாளுக்குக் காத்திருக்கிறேன்.

இன்று 75.6. தட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்: மோகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ், மேலே பொரித்தது எதுவும் போடவில்லை, அவித்த முட்டை ஒன்று.

அப்பா