மாதிரி ரயில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நாம் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. “ஆசை இருக்கிறது, வீட்டில் இடம்தான் இல்லை” என்று ஒதுங்கி நிற்பவர்களை இந்த ஆண்டு ரயில் ஓட்ட வைக்க வேண்டும். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் நேரே ரயிலுக்கு வந்துவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்கள் எல்லாருமே மனதில் ஒரு வட்டப் பாதையோடுதான் வந்தார்கள். வம்பே அங்கேதான். எச்.ஓ அளவில், அதாவது நிஜ ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1:87இல், வழக்கமாகக் கிடைக்கும் குறுகிய வளைவுக்கே ஆரம் 36 செ.மீ. ஆகிறது. ஓரத்தில் கொஞ்சம் விட்டால் பலகை அகலம் 80 செ.மீ. அதனால் ‘என்’ அளவுக்குப் போனோம். (“உங்கள் அளவு இருக்கட்டும், நான் எதை வாங்குவது?” என்று ஒருவர் கேட்டார். இது ஆங்கில எழுத்து ஐயா.) விகிதம் 1:160, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. இதில் அரை மீட்டர் அகலத்திலேயே வட்டம் அடங்கிவிடும். அடங்கியது, ரயிலும் சுற்றியது. பத்தாவது சுற்றில் பார்த்தால் ஒருவரும் ரயிலைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஷண்டிங் பலகைக்கு, அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும் ஆட்டத்துக்கு வந்தோம். பிரிட்டனின் ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பு இது. இரண்டே பாயிண்டுகள் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இடங்கள்), மூன்று சைடிங்குகள் (வேகன்களை நிறுத்திவைக்கும் கிளைப் பாதைகள்). ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. முன்னால் உள்ள இழுப்புப் பாதையில் இன்ஜினும் 3 வேகன்களும் மட்டுமே கொள்ளும். மொத்தம் 8 வேகன்கள். சீட்டுக் குலுக்கி 5 வேகன்களை எடுத்து, வந்த வரிசையிலேயே ரயிலாகக் கோக்க வேண்டும். அந்த ஐந்து 6,720 விதமான வரிசைகளில் வரலாம். எங்களுக்கு 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலப் பலகை தாராளமாகப் போதுமானதாக இருந்தது. வேலை முடிந்ததும் அலமாரி மேல் ஏற்றிவிடலாம்.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், அது என்னுடையது. தாளில் வரைந்த அளவை நம்பி தண்டவாளத்தை ஒட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் கடைசி வேகனின் பின்சக்கரம் பாயிண்டின் மேலேயே நிற்கிறது. இழுப்புப் பாதை ஒரு விரல் அகலம் குறைவு. வேகனின் நீளத்தைக் கணக்கிட்ட நான், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளை மறந்திருந்தேன். காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிறு போயிற்று. ஆகவே, ஒட்டும் முன் இன்ஜினையும் வேகன்களையும் கோத்து, தண்டவாளத்தின் மேலேயே நிறுத்திப் பாருங்கள்.

நாலு சக்கரக் குட்டி இன்ஜின் படுத்திய பாடு தனிக்கதை. பாயிண்டின் நடுவே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக் என்றால், அங்கே மின்சாரம் கிடையாது. வேகமாகப் போனால் தாண்டிவிடும். ஷண்டிங்கில் ஊர்ந்து போகும்போது அங்கேயே நின்றுவிடும், விரலால் தள்ள வேண்டும். அந்த இடம் உலோகமாக இருக்கும் பாயிண்டுகளை வாங்கி, பாயிண்ட் திரும்பும்போது மின்சாரமும் மாறும்படி கம்பி கொடுத்தோம். சரியாகிவிட்டது. அழுக்கும் ஒரு காரணம்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால் துணி கறுத்து வருவதை நீங்களே பார்க்கலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது கீறிய கோடுகளில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

வட்டம் இல்லாமல் மனம் ஆறாதவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்காக வரும் ஆண்டு ‘டி-டிராக்’ முறையை முயலலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஆளுக்கு ஒரு சிறு பெட்டித் துண்டு, நீளம் சுமார் 31 செ.மீ. வீட்டில் அவரவர் செய்வது, கூட்டத்தன்று மேசைமேல் எல்லாவற்றையும் இணைத்து ஓட்டுவது. மூலைத் துண்டுகளைச் செய்ய இன்னும் யாரும் கை தூக்கவில்லை.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் 8 வேகன்களில் ஒரு பழுப்பு நிற வேகனைக் காணவில்லை. ஏழு வேகன் என்றால் ஆட்டம் மிகவும் சுலபமாகிவிடுகிறது. தவறுதலாக யாருடைய பையிலாவது போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைத்துவிடுங்கள், யார் என்று கேட்கமாட்டோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்