அஸ்டெக் பேரரசோடு முடிந்துவிடாத நாவா மக்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளை விருப்பத்தோடு படித்து வருகிறேன். அவற்றில் அஸ்டெக் பேரரசு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் படிக்கட்டுக் கோயில்களும், நரபலியும், 1521இல் ஸ்பானியர் வசமான அதன் தலைநகர் டெனோச்டிட்லானும் விரிவாக விவரிக்கப்படுகின்றன. அந்த வீழ்ச்சியோடு அம்மக்களே இல்லாமல் போய்விட்டதுபோலக் கட்டுரை முடிந்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த நகரத்தில் பேசப்பட்ட நாவாட்ல் மொழியை, 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மெக்சிகோவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். அந்நாட்டின் பழங்குடி மொழிகளுள் மிக அதிகமானோர் பேசுவது அதுவே. புவேப்லா, வெராக்ரூஸ், இடால்கோ, குவெரேரோ, சான் லூயிஸ் பொட்டோசி ஆகிய மாநிலங்களில் பரவி வாழும், இம்மொழிக்குரிய நாவா மக்கள் அனைவரையும் அஸ்டெக்குகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. அஸ்டெக்குகளுக்கு எதிராக ஸ்பானியருடன் சேர்ந்து போரிட்ட ட்லாஸ்காலா மக்களும் நாவா இனத்தவரே.

அவர்களுடைய வாழ்வை அறிய விரும்புபவர் கோயில்களுக்கு முன்னதாக அடுக்களைக்குள் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தோல் கழன்று போகும்படி அலசி, கல்லில் அரைத்து மாவாக்கி, அதைத் தட்டி மண்தட்டில் சுட்டு டோர்டில்லா செய்கிறார்கள். சுண்ணாம்பு சேர்ப்பது தோலை நீக்குவதற்காக மட்டுமன்று. சோளத்தில் உடலால் ஏற்க முடியாத வடிவில் இருக்கும் நியாசின் என்னும் வைட்டமினை அதுவே விடுவிக்கிறது. உணவில் கால்சியத்தையும் கூட்டுகிறது. மக்காச்சோளத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுசென்ற ஐரோப்பியர் இந்தப் பக்குவத்தைக் கொண்டுசெல்லவில்லை. அதனால் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த வட இத்தாலியின் ஏழைகளிடையே பெல்லாக்ரா என்னும் கொடிய நோய் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களிலும் அது பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. எழுதப்பட்ட எந்த வேதியியலும் தோன்றுவதற்கு முன்பே அந்நிலத்துப் பெண்கள் கண்டடைந்து, தாயிடமிருந்து மகள் கற்று வந்த இந்த அறிவைப் பேரரசர்களின் போர்களைவிடப் பெரிய செய்தியாகவே நான் கருதுகிறேன். அதற்கு அப்பெண்கள் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது: கல்லின் முன் மண்டியிட்டு அரைப்பதிலேயே அவர்களுடைய நாளின் பல மணி நேரம் கழிந்தது. கடந்த நூற்றாண்டில் ஊர்தோறும் மாவு ஆலைகள் வந்த பிறகே அந்தச் சுமை பெருமளவு குறைந்தது.

அந்தச் சோளம் விளையும் வயலுக்கு மில்பா என்று பெயர். சோளத்தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறுகிறது. அதன் வேர்கள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகின்றன. பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடி ஈரம் காக்கின்றன. வடகிழக்கே உவாஸ்டெகா பகுதியில் சோளத்தை ஒரு தெய்வக் குழந்தையாகவே போற்றுகிறார்கள். காகிதத்தில் வெட்டிய உருவங்களுக்குச் சிறிய உடைகள் அணிவித்து, சிகோமெசோசிட்ல் என்று பெயரிட்டு அழைத்து, மழையும் விளைச்சலும் வேண்டி மலையுச்சிகளில் வழிபடுகிறார்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிடுவதற்கு 2025இல் மெக்சிகோ தன் அரசமைப்புச் சட்டத்திலேயே தடை விதித்ததை வெறும் வேளாண் செய்தியாகப் படித்துக் கடந்துவிடாமல், இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

ஊர்ப் பொதுவேலைகளைக் கூலியின்றிச் சேர்ந்து செய்வது, புனிதர் திருவிழாவின் பொறுப்பை ஆண்டுக்கு ஒரு குடும்பம் ஏற்பது, பிள்ளைப்பேற்றுக்குப் பின் மருத்துவச்சியின் துணையோடு தாயை நீராவிக் குடிலில் குளிப்பாட்டுவது ஆகியவை இன்றும் பல ஊர்களில் வழக்கத்தில் உள்ளன. இவற்றைத் தொல்பொருள் என்று எண்ணுவது பிழை. புவேப்லாவின் வடமலைப் பகுதியான குவெட்சாலானில், வாயோடு வாய் பொருத்திய இரண்டு மண்பானைகளுக்குள் கொடுக்கில்லாத் தேனீக்களை வளர்க்கும் நாவா உழவர்கள், 1977இல் தோன்றிய தோசெபான் டிடாடானிஸ்கே கூட்டுறவின் வழியாகத் தங்கள் தேனையும் காப்பியையும் விற்கிறார்கள். மரபும் சந்தையும் அங்கே ஒரே வீட்டில் வாழ்கின்றன.

மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியான மில்பா ஆல்டாவில் 1897இல் பிறந்த லூஸ் ஹிமேனெஸ் என்ற நாவாப் பெண்மணி, மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓவியர் தியேகோ ரிவேராவின் சுவரோவியங்களுக்கு மாதிரியாக நின்றவர். அந்த ஓவியங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். தம் ஊரின் அன்றாட வாழ்வையும், மெக்சிகோப் புரட்சிக் காலத்தில் அவ்வூர் பட்ட துயரத்தையும் அவர் நாவாட்லிலேயே சொல்லிப் பதிவு செய்திருப்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர். உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை விட்டுவிடும் இப்பழக்கத்தைத்தான் நம் கட்டுரைகளிலும் காண்கிறேன்.

ஸ்பானிய மொழியை மட்டுமே ஏற்ற பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறைகள் அவர்களிடையே உண்டு. பழங்குடி மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் பல குடும்பங்களில் பெற்றோர் தம் மொழியைப் பிள்ளைகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தனர். ஆகவே, இம்மக்களைப் பற்றி இனி வெளியிடும் கட்டுரைகளில் அவர்களுடைய நிகழ்காலத்துக்கும் உரிய இடம் தருமாறு வேண்டுகிறேன். வெராக்ரூஸைச் சேர்ந்த நடாலியோ எர்னாண்டெஸ் முதலானோர் நாவாட்லில் எழுதிவரும் கவிதைகளைத் தமிழில் பெயர்த்துத் தங்கள் இலக்கியப் பக்கத்தில் தொடர்ந்து வெளியிட்டால், என்னைப் போன்ற வாசகர்கள் பெரிதும் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்