மழை எச்சரிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வானிலை மையங்களிலும் பேரிடர் மேலாண்மை அலுவலகங்களிலும் புயல், மழை அறிவிப்புகளை எழுதுகிறவர்களுக்கு, வணக்கம்.

“ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை வரை பெய்யக்கூடும். பலத்த காற்று வீசக்கூடும். பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.” எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த அன்று மாலை என் போனுக்கு வந்த செய்தி இதுதான். படித்தேன். எச்சரிக்கையாக இருப்பதென்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்தேன். பின்னிரவு மூன்று மணிக்கு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். கரண்ட் இல்லை. முட்டிவலிக்காரரான அவரை இருட்டில் இரண்டு பேர் பிடித்து மாடிப்படி ஏற்றினோம். அவருடைய மாத்திரைகள் அலமாரியின் கீழ்த்தட்டிலேயே ஊறிப்போயின.

உங்கள் கணிப்பு தவறவில்லை. சொன்னபடியே மழை பெய்தது. ஆனால் “தரைத்தளத்தில் இருப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்விடுங்கள்” என்று ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி கழிந்திருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

20 சென்டிமீட்டர் மழை என்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மொட்டைமாடியிலிருந்து மட்டும் 20,000 லிட்டர் தெருவில் இறங்கும். இதை எத்தனை பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்? காற்றும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் 120 ஆனால் சுவரிலும் கூரையிலும் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. தகரக் கூரையை இறுக்கிக் கட்டவும், மாடியில் கிடக்கும் பலகைகளையும் தொட்டிகளையும் உள்ளே எடுத்து வைக்கவும் காற்று கிளம்புவதற்கு முன்தான் நேரம் உண்டு. புயலின் கண் கடக்கும்போது எல்லாம் ஓய்ந்த மாதிரி இருக்கும், அப்புறம் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். இதுவும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அந்த அமைதியை நம்பி வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஓடும் வெள்ளத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். ‘வண்டி உயரமானது, போய்விடலாம்’ என்று நினைப்பவரைத் தடுக்க ‘பாதுகாப்பாகப் பயணிக்கவும்’ என்ற வாசகம் போதாது. “தண்ணீர் ஓடும் சாலையில் இறங்காதீர்கள், திரும்பிப் போங்கள்” என்று சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதிக்குக் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. கைபேசிகளை அலறவைக்கும் அவசரச் செய்தியோ இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் போனது. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வங்கதேசத்தை எண்ணிப் பாருங்கள். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மடிந்தார்கள். அதன் பிறகு தன்னார்வலர்களைப் பழக்கி, மெகாபோனோடும் எச்சரிக்கைக் கொடியோடும் ஊர் ஊராக அனுப்பினார்கள். 2020 அம்பன் புயலுக்கு முன்பே 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அறிவிப்பு செயலாக மாறியதென்றால், தெரிந்த முகம் வாசலில் வந்து நின்று சொன்னதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மழை ஏமாற்றிவிட்டால் மக்கள் திட்டுவார்களே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். சிலர் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் மூன்று முறை வீணாக மாடியேறி இறங்க நான் தயார். நான்காம் முறை அம்மாவை இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்:

“இன்று இரவு 10 மணி முதல் விடியும்வரை பெருமழை. தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வரலாம். முதியவர்களையும் குழந்தைகளையும் இருட்டுவதற்குள் மேல்தளத்துக்கு அனுப்புங்கள். மேல்தளம் இல்லாதவர்களுக்கு முகாம் மாலை 4 மணிக்கே திறந்திருக்கும். மருந்து, பத்திரங்கள், டார்ச், குடிநீர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அதன் புகை கொல்லும். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரின் கதவையும் ஒருமுறை தட்டிவிட்டு வாருங்கள்.”

இப்படிக்கு,
தரைத்தளத்தில் வசிக்கும் ஒருவன்