இரண்டாம் சரணத்தை வெட்டிய பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்தும் தெருவில் ஒரு புதுப்பாட்டு ஓடவில்லை, எதைக் கேட்டாலும் போன மாதம் கேட்டதுபோலவே இருக்கிறது என்ற புலம்பல் கோடை தவறாமல் கேட்கிறது. இசையமைப்பாளர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்பார்கள் சிலர். இளைஞர்களுக்கு ரசனை போய்விட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. பாட்டைச் செய்யும் முறையும் அதை ஊருக்குள் விடும் முறையும் மாறிவிட்டன. சலிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்து மேஜையில் வைத்தே அதைக் காட்டிவிடலாம்.

குறை கற்பனை இல்லை. 2024 ஏப்ரல் 20 அன்று ‘கில்லி’ மறுபடியும் திரைக்கு வந்தது. அந்தக் கோடையில் ரசிகர்களை இருக்கையை விட்டு எழுப்பிய ‘அப்படிப் போடு’ 2004 ஏப்ரலில் வந்த அந்தப் படத்தின் பாட்டு. 2025 ஏப்ரல் 18 அன்று ‘சச்சின்’ மறுபடியும் வந்தது; அதுவும் 20 ஆண்டுப் பழையது. அதே மாதம் 10ஆம் தேதி வெளியான ‘குட் பேட் அக்லி’ புதுப் படம்தான். அதிலும் தியேட்டரை அதிரவைத்தவற்றில் 1982, 1986, 1996ஆம் ஆண்டுகளின் பாடல்கள் இருந்தன. புதிதாக எதுவுமே பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் வந்த ‘அரபிக் குத்து’ அந்தக் கோடையை ஆண்டது. 2025 மார்ச்சில் வந்த ‘கனிமா’ கல்யாண வீடுகளுக்குள் புகுந்தது. ஆனால் ஒரு கோடைக்கு மூன்று, நான்கு பாட்டு ஒன்றோடொன்று போட்டி போட்ட காலம் போய், கோடைக்கு ஒன்று தேறினாலே பெரிது என்றாகிவிட்டது.

கோடைப் பாட்டுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. பங்குனியில் காதில் விழுந்தால் ஜூனில் பள்ளி திறக்கும்வரை அது தாங்க வேண்டும். பேருந்து, டீக்கடை, திருமண மண்டபம், பக்கத்து வீடு என்று ஒருவர் காதில் அது 200 தடவையாவது விழும். அத்தனை தடவை தாங்க வேண்டுமானால், முதல் தடவையில் பிடிபடாத சில விஷயங்கள் பாட்டுக்குள் இருந்தாக வேண்டும். முப்பதாவது தடவையில்தான் கவனிக்கிற ஒரு வயலின் வரி, சரணத்தில் பேஸ் கிட்டார் தனியே நடந்துபோகும் ஒரு வளைவு, பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தபேலா போடும் ஒரு சின்ன முத்தாய்ப்பு. இவை இருக்கும் பாட்டு சலிக்காது. இப்போது வெட்டப்படுவதும் இவைதான்.

கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.4 வினாடி. பழைய அமைப்பில் முன்னிசை 8 பார், பல்லவி 16, முதல் இடையிசை 16, முதல் சரணம் 16, மீண்டும் பல்லவி 8, இரண்டாம் இடையிசை 16, இரண்டாம் சரணம் 16, முடிவில் பல்லவி 16. மொத்தம் 112 பார். அதாவது ஏறக்குறைய நாலரை நிமிடம். இதில் இரண்டாம் இடையிசையையும் இரண்டாம் சரணத்தையும் எடுத்துவிட்டால் 32 பார் போகும், 77 வினாடி குறையும். மூன்று நிமிடம் 12 வினாடி மிஞ்சும். இன்று வரும் பாடல்களின் நீளத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். எல்லா இசையமைப்பாளர்களுக்கும் திடீரென்று சுருக்கமாகச் சொல்லும் கலை கைவந்துவிடவில்லை. ஒரே இடத்தில் கத்தரி விழுந்திருக்கிறது.

நேரம் குறைந்தது சின்ன நட்டம். இரண்டாம் இடையிசைதான் இசையமைப்பாளர் தனக்காக விளையாடும் இடமாக இருந்தது. முதல் இடையிசை பாட்டின் ராகத்தையும் சூழலையும் ஒட்டிப் போகும். இரண்டாவதில் வேறு சுருதிக்குத் தாவலாம், தாளத்தை நிறுத்தி ஒரு புல்லாங்குழலை மட்டும் விடலாம், கோரஸைக் கொண்டுவரலாம். கேட்பவருக்கு அதுவரை தெரியாத ஓர் அறையின் கதவு அங்கே திறக்கும். இப்போது முதல் இடையிசையும் சுருங்கி எட்டு பாராகிவிட்டது. அதிலும் பல்லவியில் திரும்பத் திரும்ப ஓடிய அதே சுற்றுதான் (லூப்) குரல் இல்லாமல் ஓடுகிறது.

ஏன் வெட்டுகிறார்கள்? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் அது ஒரு தடவை கேட்டதாகக் கணக்கில் ஏறும். ஆகவே அந்த 30 வினாடிக்குள் கேட்பவர் தாண்டிப் போகாமல் பிடித்துவைக்க வேண்டும், முன்னிசைக்கு இடமில்லை. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தபிறகு இது இன்னும் இறுகியது. கம்போசிங்கில் முதலில் கேட்கப்படுவது இப்போது “ஹூக் எங்கே?” என்பதுதான். ஹூக் என்றால் கேட்டதும் காதில் கொக்கி போட்டுக்கொள்ளும் துண்டு. 15 வினாடிக்கு ஒரு ஹூக். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஏழரை பார், எட்டு பார் சுற்று ஒன்றுகூட முழுதாக முடியாது. முதலில் அந்தச் சுற்றைச் செய்துவிட்டு மீதிப் பாட்டை அதைச் சுற்றி அடுக்குகிறார்கள். மூன்று நிமிடப் பாட்டில் 90 பார். ஒரே சுற்று பதினோரு தடவை. ஒரு தடவை பாட்டைக் கேட்டாலே சுற்றைப் பதினோரு தடவை கேட்டாகிவிட்டது. இருபதாவது நாளில் சலிக்காமல் என்ன செய்யும்? நடனமும் இதற்குள்தான் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்த செல்போன் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் கையும் தோளும் ஆடுகின்றன, காலுக்கு வேலை குறைந்துவிட்டது. கால் ஆடாத இடத்தில் தாளமும் மெல்ல மாறிவிடும். குத்துப் பாட்டின் உயிரான திஸ்ர நடை, அந்த மூன்று மூன்றாகத் துள்ளும் ஓட்டம், பல பாடல்களில் நான்கு நான்காகச் சமப்பட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரல்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்று பலர் சொல்கிறார்கள். அதற்கும் கண்ணுக்குத் தெரியும் காரணம் உண்டு. 1997இல் வந்த ஆட்டோ-டியூன் மென்பொருளில், தவறிய சுரத்தை எவ்வளவு விரைவாகச் சரியான சுரத்துக்கு இழுக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு இருக்கிறது. பூஜ்யத்தில் வைத்தால் உடனே இழுக்கும், எண் ஏற ஏற மெதுவாக இழுக்கும். மேற்கத்திய பாப் பாட்டில் சுரத்திலிருந்து சுரத்துக்குப் படி ஏறுவது போல் போவார்கள். அங்கே விரைவாக இழுத்தால் பெரிய சேதம் இல்லை. நம் பாட்டில் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறோம். அந்த வழுக்கலில்தான் ஒரு பாடகர் இன்னொருவரிடமிருந்து வேறுபடுகிறார். பூஜ்யத்தில் வைத்த மென்பொருள் வழுக்கலைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டாக்கிவிடும். பிறகு யார் பாடினால் என்ன? 30க்கும் 50க்கும் இடையில் வைத்து, கமகம், அதாவது அந்த வழுக்கலும் அசைவும், வரும் இடங்களில் மென்பொருளை அணைத்துவிட்டு, உண்மையிலேயே தவறிய சுரங்களை மட்டும் கையால் சரிசெய்தால் போதும். ஒரு பாட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

சத்தத்தில் நடப்பது இன்னும் வருத்தம் தருவது. பாட்டு எடுப்பாக ஒலிக்க வேண்டும் என்று மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலிச் சீரமைப்பில், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கி நசுக்கி மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் வரை ஏற்றுகிறார்கள். சத்தத்தை அளக்கும் இந்த அலகில் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஸ்பாட்டிஃபையோ எல்லாப் பாட்டையும் மைனஸ் 14க்குச் சமன்செய்து ஒலிக்கிறது. ஏற்றிய 7 டெசிபெலையும் அப்படியே இறக்கிவிடுகிறது. ஆனால் நசுக்கியபோது போன தவிலின் அடி திரும்பி வராது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே இருந்த மேடு பள்ளம் திரும்பி வராது. எதற்காகக் கெடுத்தார்களோ அதுவும் கிடைக்கவில்லை. இதோடு செல்போன் ஸ்பீக்கர். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒலி மெலிந்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் பேசுவது. எப்படியும் கேட்காதே என்று பேஸுக்கு ஒரு தனி மெட்டு எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். கீழே ஒரே சுரம் உறுமிக்கொண்டிருக்கிறது. நல்ல பெட்டியில் போட்டுக் கேட்டாலும் அங்கே கண்டெடுக்க ஒன்றும் இருப்பதில்லை.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்டுக்குப் பாட்டு எழுதுவது புதிதல்ல. தத்தகாரத்தை, அதாவது சொல்லுக்குப் பதில் ‘தன்னானே’ என்று பாடிக் காட்டிய மெட்டை, கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட அருமையான பாடல்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் அப்போது பாடலாசிரியர் ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் உட்காரவில்லை என்றால் மெட்டு ஒரு சுரம் நகரும், மெட்டு அழகாயிருந்தால் சொல் நகரும். இப்போது தத்தகாரம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போகிறது. வரி திரும்பி வருகிறது. இடையில் பேச்சே இல்லை. ஹூக் சொல்லும் சில நேரம் முன்பே முடிவாகியிருக்கும். எதுகைக்கும் மோனைக்கும் அழகைத் தாண்டி ஒரு வேலை இருக்கிறது. முதல் அடியின் இரண்டாம் எழுத்து அடுத்த அடியை நினைவுக்கு இழுத்து வரும். ஒருவர் பல்லவியைத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் சரணம்வரை கூடவே பாட முடிவது அதனால்தான். எதுகை இருந்த இடத்தில் ஒரே சொல்லை நான்கு தடவை வைத்தால் அந்தச் சொல் மட்டும் நினைவில் நிற்கும். அதற்கு மேல் முணுமுணுக்க ஒன்றும் இல்லை.

இனி வெளியீடு. கேசட் காலத்தில் ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டும் ஒரே நாளில் வரும். கம்பெனி முதல் பாட்டை நம்பியிருக்கும். ஊர் பி பக்கத்து மூன்றாவது பாட்டைத் தூக்கிப் பிடிக்கும். எது கோடைப் பாட்டு என்பதை டீக்கடைகளும் மினி பஸ் ஓட்டுநர்களும் சேர்ந்து தீர்மானித்தார்கள். இன்று முதல் சிங்கிள், சில வாரம் கழித்து இரண்டாம் சிங்கிள், பிறகு மூன்றாவது. முதல் பாட்டு வேர் பிடிப்பதற்குள் இரண்டாவதற்கான விளம்பரம் அதை மூடிவிடுகிறது. போதாததற்கு, 2008 முதல் ஐபிஎல் கோடை மாலைகளைத் தனதாக்கிக்கொண்டது. பெரிய படங்கள் பல பொங்கல், ஆகஸ்ட் 15, தீபாவளி என்று ஒதுங்கிக்கொள்கின்றன. பெரிய படம் வராத கோடையில் பெரிய பாட்டு எங்கிருந்து வரும்?

நான் இதில் மிகப் பெரிய இழப்பாகக் கருதுவது மெல்லிசைக் குழுக்கள் கைவிடப்பட்டதைத்தான். இரண்டு கீபோர்டு, ஒரு லீட் கிட்டார், ஒரு பேஸ், தபேலா, டோலக், ஒரு ரிதம் பேட், புல்லாங்குழலோ வயலினோ ஒன்று, நான்கு பாடகர்கள். சித்திரை, வைகாசித் திருவிழா மேடைகளில் இவர்கள் வாசித்துத்தான் ஒரு பாட்டு கிராமத்துக்குள் போய் உட்கார்ந்தது. இடையிசையைக் குறிப்பு எடுத்து, நான்கு பேர் பிரித்துக்கொண்டு, ஒரே நாள் ஒத்திகையில் மேடையேற்றினார்கள். இன்றைய பாட்டில் அவர்கள் வாசிப்பதற்கு எதுவும் எழுதப்படவில்லை. கணினியில் அடுக்கிய ஒலிகளைக் கையால் வாசிக்க முடியாது என்பதால் இணையத்தில் கிடைக்கும் மைனஸ் ஒன் டிராக்கை, அதாவது குரல் நீக்கிய பதிவை, போட்டுவிட்டு, கலைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு அந்தக் குழு ஏன் புதுப்பாட்டை எடுக்கும்? மேடையில் 1980களின் பாட்டு ஓடுவதற்கு ஏக்கம் மட்டும் காரணமில்லை. அதில் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. ரீல்ஸ், ஷார்ட்ஸ் துண்டுக்கு ஹூக் வேண்டுமானால் முழுப் பாட்டைச் செய்துவிட்டு அதிலிருந்து துண்டை வெட்டுங்கள். பாட்டையே துண்டாகச் செய்யாதீர்கள். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடமே கொண்ட காலத்தில்கூட, நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்தார்களே தவிர பாட்டைக் கைவிடவில்லை. ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு தோல் வாத்தியம், மூன்றையும் ஆளை வைத்து வாசிக்கவைக்க அரை கால்ஷீட் போதும். மாஸ்டரிங்கில் மைனஸ் 10 அல்லது 11இல் நிறுத்துங்கள். பாட்டு வெளியாகும் அன்றே மெட்டு, கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), இடையிசைக் குறிப்புகளை இரண்டு பக்கத் தாளாக மெல்லிசைக் குழுக்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். எஃப்எம் நிலையங்கள் முதல் சரணம் முடிந்ததும் பாட்டை இறக்கி விளம்பரத்துக்குப் போவதை நிறுத்த வேண்டும். இரண்டாம் சரணம் உள்ள பாட்டையாவது முழுதாக ஒலிபரப்புங்கள். தங்கள் பத்திரிகையின் பாடல் விமர்சனங்களிலும், வாசித்த கலைஞர்களின் பெயர்களையும் இடையிசையைப் பற்றி இரண்டு வரியையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படம் கோடையில்தான் வருகிறது என்றால் பங்குனி முதல் வாரத்திலேயே அதன் எல்லாப் பாட்டையும் ஒன்றாக வெளியிட்டுவிடலாம். சித்திரைத் திருவிழா மேடை ஏறுவதற்குள் எந்தப் பாட்டு தனக்கு வேண்டும் என்று ஊர் சொல்லிவிடும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை